யாரும் வாயால் சொல்லாத வார்த்தை

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடலூர் ஆபீசிலிருந்து பஸ்ஸில் சிதம்பரம் வந்து இறங்கினேன். எங்கள் தெரு முனையில் திரும்பினால், வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு என் மனைவி நிற்கிறாள்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். வாரா வாரம் இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தெரியும் — அவளுக்கு இரண்டு முழங்காலும் தகராறு. ஹாலிலிருந்து வாசலுக்கு வருவதென்றாலே சுவரைப் பிடித்து, நாற்காலியைப் பிடித்து, நிலைப்படியில் கொஞ்சம் நின்றுதான் வருவாள். மாடிப்படி ஏறி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்படிப்பட்டவள் அன்று ஒரு மணி நேரமாக வாசலில் நிற்கிறாளாம். துணைக்குப் பக்கத்து வீட்டு கலைச்செல்வி.

என்னைப் பார்த்ததும் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தாள். கை இருக்கிறதா, கால் இருக்கிறதா என்று சரிபார்ப்பதைப்போல.

"நல்லாத்தான இருக்கீங்க?" என்றாள்.

நான் நன்றாகத்தான் இருந்தேன். பி.முட்லூர் தாண்டி பஸ் டயர் பஞ்சராகி முக்கால் மணி நேரம் ரோட்டோரம் நின்றதில் இடுப்பு கொஞ்சம் பிடித்திருந்தது, அவ்வளவுதான். அதைச் சொன்னேன். பஞ்சர் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "பாத்தியா கலா, நான் சொன்னேன்ல" என்று கலைச்செல்வியிடம் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்தபடி உள்ளே போய்விட்டாள்.

பஸ் டயர் பஞ்சரானதற்கும் என் மனைவி முகம் வெளுப்பதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் மாடியில் இருக்கிறது. வெள்ளை நிறம், இரண்டு கொம்பு, நாலைந்து பச்சை விளக்கு. வயர்லெஸ் ரூட்டர் என்று பெயர்.

கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஒரே மகள் சுதா, கல்யாணமாகிக் குவைத்தில் இருக்கிறாள். இப்போது மாசமாக இருக்கிறாள். வீட்டில் இன்டர்நெட் உண்டு, ஆனால் அது மாடியில், நான் எழுதும் அறையில். போன் ஒயர் அங்கேதான் வருகிறது, மோடம் அங்கேதான் இருக்கிறது, கம்ப்யூட்டரும் அங்கேதான். மகள் வாரா வாரம் கம்ப்யூட்டரில் முகம் காட்டுவாள். நான் பார்ப்பேன். பிறகு கீழே இறங்கி வந்து மனைவியிடம் விவரிப்பேன்.

"வயிறு தெரியுதா?"

"தெரியுது."

"எவ்ளோ தெரியுது?"

இதற்கு ஒரு அப்பன் என்ன பதில் சொல்ல முடியும்? கையால் காற்றில் ஒரு அளவு காட்டுவேன். அவள் அந்த அளவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்படி ஒருநாள் காட்டிய பிறகுதான் எனக்கே உறைத்தது. மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுப்போன பழைய லேப்டாப் ஒன்று பீரோவில் தூங்கிக்கொண்டிருக்கிறது. மனைவி மாடிக்குப் போக முடியாது, சரி. இன்டர்நெட் கீழே வரலாமே?

திருப்பாப்புலியூரில் ஒரு கடையில் ரூட்டர் வாங்கினேன். கடைக்காரர் ஆள் அனுப்புகிறேன் என்றார். நான் மறுத்துவிட்டேன். வாரா வாரம் ஊருக்கு யோசனை சொல்கிறவன், ஒரு டப்பாவை மாட்டுவதற்கு ஆள் வைப்பதா? கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு புத்திமதி மட்டும் சொன்னார்.

"பாஸ்வேர்டு மட்டும் பாத்து வைங்க சார். புள்ள பேரு, செல் நம்பர்லாம் வெச்சீங்கன்னா தெருவே உங்க கனெக்‌ஷன்ல படம் பாக்கும். யாரும் வாயால சொல்லாத வார்த்தையா வைங்க."

நல்ல புத்திமதி. அதில்தான் வினையே.

புதுச் சாமான் எது வந்தாலும் எங்கள் வீட்டில் பொட்டு வைக்காமல் மாட்ட முடியாது. மனைவி மிக்ஸிக்கும் வைத்தாள், என் செல்போனுக்கும் வைத்தாள். ரூட்டருக்கு நெற்றி எது என்று தெரியாமல் இரண்டு கொம்புக்கும் நடுவில் சந்தனம் குங்குமம் வைத்துக் கொடுத்தாள். அதை மேலே எடுத்துக்கொண்டு போனேன்.

சனிக்கிழமை காலை ஆரம்பித்த வேலை, ஞாயிறு மாலை முடிந்தது. மோடத்திலிருந்து ஒரு ஒயரை ரூட்டரில் சொருக வேண்டும். பின்னால் ஐந்து ஓட்டைகள். நாலு மஞ்சள், ஒன்று நீலம். நான் நாலு மஞ்சளிலும் மாறி மாறிச் சொருகிப் பார்த்தேன். நீலத்தில்தான் சொருக வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. புத்தகத்தைப் படித்தது ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பிறகு கம்ப்யூட்டரில் ஏதோ எண்களைப் புள்ளி வைத்து அடிக்கச் சொன்னது. அடித்தால் ஒரு பக்கம் திறந்து பெயர் கேட்டது, ரகசியம் கேட்டது, நான் எந்த நாடு என்று கேட்டது. பொறுமையாகப் பதில் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார்கூட இவ்வளவு கேட்கவில்லை.

நெட்வொர்க்குக்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னது. யோசிக்கவே இல்லை — என் புனைபெயரை வைத்தேன். இந்தப் பத்தியின் தலைக்கு மேல் போடுகிறார்களே, அதேதான். எங்கள் கேட் பக்கத்துக் கல்லிலும் அதைத்தான் வெட்டி வைத்திருக்கிறேன். தெருவில் யார் லேப்டாப்பைத் திறந்தாலும் என் பெயர் வரும். வரட்டுமே!

அடுத்தது பாஸ்வேர்டு. யாரும் வாயால் சொல்லாத வார்த்தை...

என் நிஜப் பெயர் அம்பலவாணன். தாராளமாகச் சொல்கிறேன், இனி ஆபத்தில்லை. அந்தப் பெயரை இப்போது யார் சொல்கிறார்கள்? ஆபீசில் சார். தெருவில் சார். வாசகர்களுக்குப் புனைபெயர்தான். என் அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மச்சான்மார்களுக்கு நான் மாமா. வீட்டில் மனைவியோ தப்பித்தவறியும் சொல்ல மாட்டாள். சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறைந்துவிடும் என்று கல்யாணத்தன்று யாரோ அவள் காதில் போட்டது. முப்பது வருஷமாக அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். கோயிலில் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தால் பெயர், நட்சத்திரம் கேட்பார்கள் இல்லையா? மகளுக்குச் சொல்வாள். எனக்கு மட்டும், "சாமி பேருக்கே பண்ணிடுங்க." எனக்காக அவள் செய்த அர்ச்சனையெல்லாம் இதுவரை சாமி கணக்கில்தான் சேர்ந்திருக்கிறது.

ஆக, ஊரிலேயே பத்திரமான வார்த்தை என் பெயர்தான். அதையே வைத்தேன். பாஸ்வேர்டை லேப்டாப் ஞாபகம் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது. கூடாது என்றேன். ஞாபகம் வைத்தால் லேப்டாப்பைத் திருடுகிறவன் இன்டர்நெட்டையும் சேர்த்துத் திருடுவானே? ஒவ்வொரு தடவையும் நானே, இடது கையால் மறைத்துக்கொண்டு, வலது கையின் ஒரு விரலால் அடிப்பேன். என்ன வார்த்தை என்று மனைவி ஒருமுறை கேட்டாள். "என் பேருதான்" என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டு அப்பால் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கீழே ஹாலில் லேப்டாப்பைத் திறந்து, மகளை வரவழைத்தேன்.  மனைவி முதலில் சுதாவை எழுந்து நிற்கச் சொன்னாள். பக்கவாட்டில் திரும்பச் சொன்னாள். "ஏய், உங்கப்பா காட்டுனதவிட ஜாஸ்தியா இருக்குடி" என்றாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு நாள் நான் பட்ட பாடு அந்த இடத்தில் தீர்ந்துவிட்டது.

இனி வளைகாப்பு.

ஏழாம் மாதம் பிறந்தது. டாக்டர், விமானத்தில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். முதல் வளைகாப்பு, தாய்வீட்டில் நடக்க வேண்டியது, குவைத்தில் ஒரு பிளாட்டில் நடக்கப் போகிறது. அங்கே உள்ள நம் ஊர்ப் பெண்கள் நடத்தி வைக்கிறோம் என்றார்கள். மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மகளிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "நான் கம்ப்யூட்டர்ல வந்தப்பறம் மொத வளையல் போடணும். நான் இங்கேருந்து தூக்கிக் காட்டுவேன், நீ அங்கேருந்து கைய நீட்டணும்." சுதாவும் சரி என்றாள். நீ வராமல் கையை நீட்ட மாட்டேன் என்று சத்தியம்கூடச் செய்தாள்.

அங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. வெள்ளிக்கிழமை என்றால் பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகுகாலம். எந்த ஊர் பத்தரை? இங்குதான் பிரச்சினை. காட்டுமன்னார்கோயில் சம்பந்தியம்மா, நம் ஊர் ராகுகாலம்தான் கணக்கு என்றார். மாப்பிள்ளையோ, அந்த ஊரில் உட்கார்ந்திருப்பவளுக்கு அந்த ஊர் ராகுகாலம்தானே என்றார். என் மனைவி தினசரி காலண்டரையும் ஒரு பேப்பரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குவைத் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். நமக்குப் பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் முடியும். அவர்களுக்கு ராகுகாலம் ஆரம்பிக்கும்போது நமக்கு மணி ஒன்று. நடுவில் ஒரு மணி நேரம்! இரண்டு ஊர் ராகுவும் இல்லாத ஒரு மணி நேரம். அதைக் கண்டுபிடித்த அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் ரூட்டர் மாட்டியதெல்லாம் ஒன்றுமே இல்லை.

கீழவீதியில் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கி, பாதியைக் குவைத்துக்கு அனுப்பி, மீதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள்.

எனக்கு லீவு கிடைக்கவில்லை. மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார், ஆய்வுக்கூட்டம், யாரும் நகரக் கூடாது. பரவாயில்லை, ஏற்பாடு செய்துவிட்டுத்தானே போகிறேன்? வெள்ளிக்கிழமை காலை லேப்டாப்பைத் திறந்து, பாஸ்வேர்டை அடித்து, மகள் பெயர் திரையில் தெரிகிறவரை கொண்டுவந்து, "மூடாத, எதையும் தொடாத. பன்னெண்டு மணிக்குக் கலைச்செல்விய வரச்சொல்லி இதை அழுத்து, அவ்ளோதான்" என்றேன். மாடி அறையைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அறையை எப்போதும் பூட்டுவேன். ஒரு தடவை என் கையெழுத்துப் பிரதி பழைய பேப்பரோடு எடைக்குப் போனதிலிருந்து இந்தப் பழக்கம்.

எல்லாவற்றையும் யோசித்தேன். ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். அதை உங்களில் யாருமே மறந்திருக்க மாட்டீர்கள்.

மின்வெட்டு. எங்கள் தெருவுக்குக் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. ரூட்டர் கண்ணை மூடியது. பன்னிரண்டு மணிக்கு வரவேண்டிய கரண்ட் பன்னிரண்டு பத்துக்கு வந்தது. ரூட்டர் கண்ணைத் திறந்தது. கலைச்செல்வி லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். லேப்டாப் பாஸ்வேர்டு கேட்டது.

அதன்பிறகு நடந்ததைக் கலைச்செல்வி ஒரு விதமாகவும், அஞ்சலை ஒரு விதமாகவும் எனக்குச் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். கலைச்செல்வி மங்கலம்பேட்டைப் பெண், குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அஞ்சலை கிள்ளையிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். சுதா பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே வருகிறாள். வளைகாப்பைப் பார்க்க மனைவி அழைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை என்பதால் கூடை இல்லாமல், தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

கலைச்செல்வி கேட்டிருக்கிறாள். "பாஸ்வேர்டு என்னக்கா?"

"அவரு பேருதான்."

கலைச்செல்வி கேட் பக்கத்துக் கல்லில் வெட்டியிருக்கும் பெயரை அடித்தாள். தவறு என்றது.

"அது இல்ல. சொந்தப் பேரு."

"சொந்தப் பேரு என்னக்கா?"

மனைவி அஞ்சலையைப் பார்த்தாள். அஞ்சலை மனைவியைப் பார்த்தாள். இருபது வருஷமாக எங்கள் வீட்டுக்கு மீன் தருகிறவள், என் பெயர் அவளுக்கும் தெரியாது. சார்தான்.

வீட்டுப் போன் மாடியில் என்பதால், கலைச்செல்வியின் செல்லிலிருந்து எனக்குப் போட்டார்கள். ஆய்வுக்கூட்டம் இல்லையா, அணைத்து வைத்திருந்தேன். மகளின் நம்பர் என் செல்போனில் இருந்தது. செல்போன் என் சட்டைப்பையில் இருந்தது. சட்டை கடலூரில் இருந்தது. மச்சான்மாரைக் கூப்பிடலாமே என்றால், அந்த நம்பர்களும் அதே சட்டைப்பையில்தான். ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, என் பெயர் போட்ட சகல காகிதங்களும் மாடி அறையில். அறை பூட்டியிருந்தது. எழுதியாவது காட்டக் கூடாதா என்று கலைச்செல்வி கேட்டதற்கு, "எழுதுனா மட்டும் சொன்ன மாதிரி ஆவாதா?" என்றாளாம். சரிதான்.

மனைவிக்கு ஒரு வழி தோன்றியது. சுவரில் காலண்டர். காலண்டரில் நடராஜர். கையை நீட்டிக் காட்டினாள்.

வேறு ஊராக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். சிதம்பரத்தில் நடராஜரைக் காட்டினால் எத்தனை பெயர்!

கலைச்செல்வி நடராஜன் என்று அடித்தாள். இல்லை. சபாபதி. இல்லை. அஞ்சலைக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பொன்னம்பலம் போடு. எங்க நாத்தனார் வூட்டுக்காரரு பேரு." இல்லை. கனகசபை, தாண்டவமூர்த்தி, சிற்சபேசன், தில்லைநாயகம், ஆடியபாதம், கூத்தபெருமாள்... ஒவ்வொன்றுக்கும் மனைவி உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினாள். அம்பலம் வரைக்கும்கூட வந்துவிட்டார்களாம். பாதி சரி என்று கையால் சைகை காட்டினாள். அவர்கள் சிற்றம்பலம், திருவம்பலம் என்று வேறு பக்கம் போய்விட்டார்கள்.

"ஒரே சாமிக்கு இத்தன பேரு வெச்சா, அது எந்தப் பேருக்குத்தான் திரும்பிப் பாக்கும்?" என்றாளாம் அஞ்சலை.

மணி பன்னிரண்டே முக்கால்.

இன்னும் கால் மணி நேரத்தில் குவைத்தில் ராகுகாலம் ஆரம்பித்துவிடும். அங்கே மணையில் உட்கார்ந்து, அம்மா வராமல் கையை நீட்ட மாட்டேன் என்று ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறாள். இங்கே இவள் மடியில் பச்சை வளையல். ஒரு பக்கம் மகளின் கை. இன்னொரு பக்கம் புருஷனின் ஆயுசு. நீங்கள் சிரிக்கலாம். கேட்டபோது நானும் முதலில் சிரித்தேன். ஆனால் அவளுக்கு அது விளையாட்டில்லை. முப்பது வருஷம் ஒன்றை நம்பியவளுக்கு அது உண்மைதான்.

 நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாளாம். பூஜை அலமாரி வரை நடந்தாள். தாலியை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். பிறகு திரும்பி, அவர்கள் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"அம்பலவாணனுங்க."

பெயருக்குப் பின்னால் ஒரு 'ங்க'! இத்தனை வருஷம் கழித்து முதல் முறை சொல்லும்போதும் மரியாதை குறையவில்லை. கலைச்செல்வி அந்த 'ங்க'வை விட்டுவிட்டு அடித்தாள். நெட்வொர்க் திறந்தது.

திரையில் சுதா. மணையில் உட்கார்ந்திருந்தாள். கையை மடக்கி மடியில் வைத்திருந்தாள். சுற்றிலும் பெண்கள், நேரமாகிறது என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அம்மாவைப் பார்த்ததும் கையை நீட்டினாள். இவள் இங்கே வளையலைத் தூக்கிக் காட்ட, அங்கே ஒரு அம்மா அதே பச்சையில் ஒரு வளையலை அவள் கையில் ஏற்றினார். மணி ஒன்றுக்கு நான்கு நிமிஷம் இருந்ததாகக் கலைச்செல்வி சொல்கிறாள். அஞ்சலை, இரண்டு நிமிஷம் என்கிறாள். மீதி வளையலை இங்கே இவர்கள் இருவருக்கும் போட்டு அனுப்பியிருக்கிறாள்.

மகள் காரியம் முடிந்தது. அதற்கப்புறம்தான் அவளுக்குப் பயம் வந்தது.

பெயரைச் சொல்லியாகிவிட்டது. பெயருக்குரிய ஆள் எங்கே? போன் போட்டால் அணைத்து வைத்திருக்கிறது. இரண்டு மணிக்குப் போட்டாள். மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் போட்டாள். நான் கூட்டம் முடிந்த பிறகும் போனை ஆன் செய்ய மறந்துவிட்டேன். அதிகாரி பாராட்டிய மகிழ்ச்சியில் கேன்டீனில் வடை தின்றுகொண்டிருந்தேன். வழக்கமான பஸ் வரும் நேரம் தாண்டியது. அடுத்த பஸ்ஸும் போனது. நான் பி.முட்லூரில் ரோட்டோரம் நின்று புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முக்கால் மணி நேரம், அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

கலைச்செல்வி இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுப் போனாள். நான் உள்ளே போனேன். மனைவி முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, கிண்டலாகத்தான் ஆரம்பித்தேன். "என் பேரச் சொன்னியாமே. எங்க, இன்னொருவாட்டி சொல்லு பாப்போம்."

அவள் சிரிக்கவில்லை.

"சும்மா இருங்க. உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா அந்தப் புள்ள மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

 துணியை வாங்கி வெந்நீரில் நனைத்துப் பிழிந்து கொடுத்தேன். கொஞ்ச நேரம் அதையே செய்துகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை முதல் வேலையாக மாடிக்குப் போனேன். பாஸ்வேர்டை மாற்றிவிடுவது என்று முடிவு. இனி ஒருநாள் இப்படி ஒரு சங்கடம் அவளுக்கு வரக் கூடாது. அவள் தாராளமாகச் சொல்லக்கூடிய பெயராக இருக்க வேண்டும். அவள் பெயரையே வைத்துவிட்டால்?

புதிய பாஸ்வேர்டு கேட்கும் கட்டத்தில் விரலை வைத்தேன். முதல் எழுத்தை அடித்தேன். நின்றுவிட்டேன்.

அந்தப் பெயரை நான் கடைசியாக எப்போது சொன்னேன்?

யோசித்துப் பார்த்தேன். கூப்பிடும்போது "இந்தா" என்பேன். கோபம் வந்தால் "இங்க பாரு". பிறரிடம் "வீட்ல". ஆபீசில் "மிசஸ்". மகள் பிறந்த பிறகு "சுதாம்மா" என்று கொஞ்ச காலம். அதுவும் இப்போது இல்லை. இந்தப் பத்தியிலேயே பாருங்கள் — அவள் சமையலை எழுதியிருக்கிறேன், முழங்காலை எழுதியிருக்கிறேன், கோபத்தை எழுதியிருக்கிறேன். எத்தனை வாரம்! பெயரை ஒரு வாரம்கூட எழுதவில்லை. உங்களில் ஒருவர்கூடக் கேட்டு எழுதவும் இல்லை.

அவள் என் பெயரைச் சொல்லாததற்கு ஒரு காரணம் இருந்தது. தப்போ சரியோ, என் உயிர் மேல் இருந்த அக்கறை. நான் அவள் பெயரைச் சொல்லாததற்கு என்ன காரணம்? யாரும் என்னைத் தடுக்கவில்லை. யாருடைய ஆயுசும் குறையாது. வெறும் அலட்சியம்தான். வேறு கௌரவமான சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

பெயரை முழுக்க அடித்தேன். ரகசியத்தைக் காக்க ரூட்டர் ஒவ்வொரு எழுத்தையும் கரும்புள்ளியாகக் காட்டியது. சரியாக அடித்தோமா என்று உறுதி செய்ய, இன்னொரு தடவை அடிக்கச் சொன்னது. அடித்தேன். இந்த முறை லேப்டாப்பையும் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். திருடன் வந்தால் வரட்டும். மாடிச் சாவி இப்போது பூஜை அலமாரியில் தொங்குகிறது.

என்ன பெயர் என்று கேட்டு எழுதாதீர்கள். இந்த வாரமும் உங்களுக்குச் சொல்ல முடியாது. காரணம் உங்களுக்கே தெரியும்.

கீழே இறங்கி வந்து ஹாலில் உட்கார்ந்தேன். அவள் அடுப்படியில் இருந்தாள். நான் இருந்த இடத்திலிருந்தே, கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நன்றாகக் கேட்கும்படியே கூப்பிட்டேன்.

பாத்திரச் சத்தம் நின்றது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து, நாற்காலியைப் பிடித்து, மெதுவாக வந்தாள். என்னைத் தாண்டி, நிலைப்படி வரை போய், தெருவை எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க வந்திருக்கறது?"